மாற்று லைசென்ஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியின் சிறிய விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்தர வீதியில், மாமனார் வீட்டு மாடியில். ஒரு திங்கட்கிழமை டியூட்டிக்குக் கிளம்பும்போது தோல்பையில் லைசென்ஸ் புத்தகத்தைக் காணவில்லை. பர்ஸ், பேனா, வரைபடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பர்ஸைத் தொடாமல் லைசென்ஸை மட்டும் எடுத்துப்போகும் திருடன் யார்?

சந்தேகம் முதலில் சக பைலட் மேல் போயிற்று. முந்தின நாள்தான் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே விமானம். நான் தரையில் நின்றால் ஓட்டப்போவது அவர். "கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்ன ஆறுதல்கூட எனக்குத் தேவைக்கு மேல் இனிப்பாகப் பட்டது.

மாற்று லைசென்ஸ் கேட்டு டெல்லிக்கு விண்ணப்பிக்க, தொலைந்ததற்குப் போலீஸ் சான்று வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொலைஞ்சு போச்சா, இல்ல யாருக்காவது குடுத்தீங்களா சார்?"

"யாருக்குக் குடுக்கப் போறேன்?"

"கடத்தல்காரனுங்களுக்கு இதெல்லாம் உபயோகப்படுமே. கடைசியா எப்ப சிலோன் போனீங்க?"

போனதே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து வீடு வீடாக என்னைப் பற்றி விசாரித்தார். அதோடு தெருவே மாறிவிட்டது. நான் போய் நின்றால் வெற்றிலைக் கடையில் பேச்சு நின்றது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நானும் அந்தக் கான்ஸ்டபிளைப் போலத்தான் ஆகியிருந்தேன். மனைவி பீரோவைத் திறந்தால் எதற்கு என்று கேட்டேன்.

"ஏன்னா, என்னையுமா?" என்றாள்.

மாமனார் ஒருவர்தான் ஆதரவாக இருந்தார். "எல்லாம் பெருமாள் சங்கல்பம் மாப்பிள்ளை. தரையில எத்தனையோ உத்தியோகம் இருக்கு" என்று தினமும் தேற்றினார்.

ஒருவழியாகச் சான்று கிடைத்து, விண்ணப்பம் டெல்லிக்குப் போயிற்று. பல வாரங்கள் கழித்து புது லைசென்ஸ் வந்தது. கூடத்தில் மனைவியிடம் அதைக் காட்டினேன். ஈஸிசேரில் சாய்ந்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கவர்மெண்ட்ல இன்னொண்ணு குடுப்பாளா என்ன? போனா போனதுதான்னு நெனச்சேனே!"

மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்பா, நீங்களா எடுத்தேள்?"

அவர் மறுக்கவில்லை. வடக்கே எங்கோ ஒரு விமானம் விழுந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு, என் லைசென்ஸைக் கொண்டுபோய்க் கொள்ளிடம் ஆற்றில் போட்டிருக்கிறார்.

"நீ பிள்ளைத்தாச்சி. நான் வேற என்னம்மா பண்ணுவேன்?"

கத்தத்தான் வாயெடுத்தேன். நாற்காலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் முடியவில்லை. இன்ஸ்பெக்டரிடம் நான் சொல்லவில்லை. அதனால் தெருவின் சந்தேகமும் தீரவில்லை. மனைவி வெகுநாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுபடி பறக்க ஆரம்பித்தேன். தோல்பைக்குப் பூட்டு வாங்கி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டேன். நான் விமானம் ஏறும் நாட்களில் மாமனார் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவார். நான் வீடு திரும்பிய பிறகுதான் இலையில் உட்காருவார்.