பக்கத்து வீட்டில் கட்டிய ஆடு

வீட்டுப் பார்வைப் படிவம் என்று ஒன்று எங்களிடம் இருந்தது. இளமஞ்சள் நிறத் தாள், இரண்டு பக்கம். கூரை ஓலையா ஓடா, சுவர் மண்ணா செங்கல்லா, வீட்டில் உள்ள பாத்திரங்கள் என்னென்ன, கால்நடை உண்டா இல்லையா என்று வரிசையாகக் கேள்விகள். அட்டையில் கிளிப் போட்டு அதை மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் வீட்டைப் பார்த்து நிரப்ப வேண்டும். அடுக்குப் பானையை எண்ணுவது அவளுக்குத் தெரியக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. அது அவளுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது என்பது அந்த வேலையில் சேர்ந்த ஆறே மாதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரில் ஒரு குழந்தைகள் நல அமைப்பில் களப்பணியாளராக இருந்தேன். திருச்சி ஜில்லா பிரிக்கப்படாத காலம் அது. படிக்க வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, புத்தகம், துணி, பஸ் பாஸ், மருந்து என்று பள்ளிப்படிப்பு முடியும்வரை பார்த்துக்கொள்வார்கள். கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒருவர் அந்தப் பிள்ளையின் செலவுக்குப் பொறுப்பு. பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தையும் தாங்க வேண்டும் என்று பிறகு குடும்ப உதவித் திட்டம் வந்தது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையை ஒட்டிய ஊர்கள் என் பொறுப்பு. பஸ் ஓரிடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடலைக்காட்டு வழியாக நடந்துதான் போகவேண்டும். எல்லா ஊரிலும் எனக்கு 'டீச்சர்' என்றே பெயர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்ததால் வந்த பெயர். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊர்களில் ஒன்றின் காலனியில், கடைசி வீட்டில், ஒரு அக்கா இருந்தார். கிணறு வெட்டும் இடத்தில் வேட்டு முன்னதாகவே வெடித்துக் கணவர் இறந்துபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள். அக்கா களையெடுப்பார், பருத்தி எடுப்பார், வெங்காயம் நோண்டுவார். வேலை இல்லாத நாளில் விறகுக்கு மலைப்பக்கம் போவார். நான் போனால் மற்ற வீடுகளில் சட்டென்று ஒரு பரபரப்பு தெரியும். பித்தளைக் குடம் உள்ளே போகும், கோழி பின்பக்கம் விரட்டப்படும், நல்ல புடவை கட்டியிருந்தவள் கிழிந்த புடவைக்கு மாறி வருவாள். அந்த அக்கா மட்டும் எதையும் மறைக்கமாட்டார். "வாங்க டீச்சர், இன்னைக்குக் கொழம்பு நல்லா அமைஞ்சிருக்கு, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்பார். யாருடைய ஆட்டையோ வாரத்துக்கு வளர்த்து, ஈன்ற குட்டிகளில் தன் பங்காக ஒன்றை வாங்கி, அதைப் பெரிதாக்கி வைத்திருந்தார். கறுப்பு ஆடு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

மகள் எட்டாம் வகுப்பு. ஒல்லியான, நிமிர்ந்து நிற்கிற பெண். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுத்தால், "கடன் வாங்குனவருக்குக் கண்ணு தெரியலன்னா என்ன டீச்சர் பண்ணுவாரு?" என்பாள். பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளை எப்படியாவது பத்தாவது தாண்டவைத்து நர்ஸ் வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நானும் அக்காவும் பேசிவைத்திருந்தோம். வெள்ளை உடுப்பில் மகளை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "எங்க வூட்டுக் கறுப்பிக்கு வெள்ளைச் சட்டையா!" என்பார்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. கால்நடை வைத்திருக்கும் குடும்பங்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். அவற்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். படிவத்தில் 'உண்டா இல்லையா' என்றுதான் இருந்தது. ஒன்றா பத்தா என்று அது கேட்கவில்லை. இதைச் சரிபார்க்கத் திட்ட அதிகாரியே நேரில் வருவார், முன்கூட்டியே யாருக்கும் சொல்லக் கூடாது என்றார்கள். சொன்ன இருவருக்கு வேலை போயிருந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அதிகாரி வரப்போகிற நாளுக்கு முந்தைய நாள் நான் தனியாக அந்த ஊருக்குப் போனேன். அக்கா சோளத்தட்டையைக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஒருநாள் மட்டும் ஆட்டைப் பக்கத்து வூட்டுல கட்டிடுங்கக்கா. பெரியவர் வர்றாரு" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஆடு நம்மளுதுதானே டீச்சர், திருடியா வச்சிருக்கோம்?" என்றார். நான் உத்தரவை விளக்கினேன். மகளின் படிப்பு நின்றுவிடும் என்றேன். கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் ஜீப்பில் போனோம். திட்ட அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். பையில் எப்போதும் பிள்ளைகளுக்கு பிஸ்கட் இருக்கும். அக்காவின் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூரை எழுதினேன், சுவர் எழுதினேன், கால்நடை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கிளம்பப் போகும் நேரத்தில் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்காமலே வணக்கம் சொன்னாள். அதிகாரி அவளுடைய மார்க்கையெல்லாம் கேட்டார். அவள் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குரல் கேட்டு, பக்கத்து வீட்டுப் பின்புறத்திலிருந்து ஆடு கத்தியது. விடாமல் கத்தியது.

"அது யாரு வூட்டு ஆடும்மா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எங்க ஆடுதான் சார்" என்றாள் அவள். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்து, "அதை யாரும்மா அங்க கொண்டுபோய்க் கட்டுனது?" என்றாள்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் காலையில் பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஆடு இடம் மாறியிருக்கிறது. அதிகாரியின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. அவர் மகளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"நாந்தான் சார் கட்டுனேன்."

"நாங்க வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னைக் குறித்தது. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு சொல் போதும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரோட்டுல ஜீப்பு வர்றதப் பார்த்தேன் சார். பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிட்டேன். தப்புதான்."

மகள் மாறிமாறி எங்கள் மூவரையும் பார்த்தாள். ஏதோ உடைந்துவிட்டது, அது தன் வாயால் உடைந்தது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகும் பேசவில்லை. ஆபீசுக்கு வந்ததும் அதிகாரி, "உங்க பொறுப்புல இருந்த குடும்பம், நீங்களே எழுதிடுங்க" என்று வேறொரு தாளைக் கொடுத்தார். உண்மையை மறைத்ததால் நீக்கப்படுகிறது என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துத்தான் அந்த ஊர்ப் பக்கம் போகத் தைரியம் வந்தது. அக்கா வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையை நிறுத்தவில்லை. களைக்கொட்டு மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தது. "அழுவாதீங்க டீச்சர், பொம்பளைங்க பாக்குறாளுவ" என்றார். பிறகு தணிந்த குரலில், "உங்களச் சொல்லியிருந்தா உங்களையும் தூக்கியிருப்பாங்க. நீங்க உள்ள இருந்தாத்தானே எம்புள்ளைக்கு நாளைக்கு ஒரு வழி பண்ண முடியும்? எம்மேல போவட்டும், வுடுங்க" என்றார். இதை அவர் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. யோசித்து, கணக்காகச் செய்த காரியம் அது. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆளாக என்னை அந்த ஆபீசுக்குள் விட்டுவைத்திருந்தார்.

திரும்பும்போது மகள் குடத்தோடு எதிரே வந்தாள். "டீச்சர், நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நீ சொன்னதுதான் சரி" என்றேன். அவள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

அவளை மறுபடி சேர்க்க முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "முடிஞ்ச ஃபைல்மா அது" என்றார். ஒருமுறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. அதிலிருந்து ஆறாம் மாதம் என் வேலை நிரந்தரமானது. அக்கா ஆட்டை விற்று ஒரு பருவம் மகளை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினார். அடுத்த பருவம் மழை இல்லை, காட்டு வேலையும் இல்லை. அவளும் தாயோடு களையெடுக்கப் போனாள். பதினாறு வயதில் ஆண்டிமடம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குள் எனக்கு அரியலூர்ப் பக்க ஊர்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். நானே கேட்டு வாங்கிய மாற்றல் அது. கல்யாணச் செய்தி யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. மேற்பார்வையாளர் ஆனேன். புதிதாக வரும் பெண்களுக்குப் படிவம் நிரப்பப் பயிற்சி கொடுத்தேன். ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தி, ஏழைக் குடும்பங்களின் தாய் என்று பேசினார்கள். நானும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஆண்டிமடம் போயிருந்தேன். மண்டபத்துக்குப் போகும் வழியில் தகரக் கொட்டகை ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, "டீச்சர்தானே?" என்றாள். தலை பாதி நரைத்திருந்தது. முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்து வெடித்திருந்தன. முதுகு மட்டும் அப்படியே நிமிர்ந்திருந்தது. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது என்றாள். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று என்றாள்.

"அதுங்களுக்கு ஒண்ணுதான் டீச்சர் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். வெளியாளு யாராச்சும் வந்து எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடணும்னு. எம்மாதிரி வாயக் குடுத்துக் கெடுத்துக்கக் கூடாது பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இத்தனை வருடமும் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. மண்டபத்தில் மேளச்சத்தம் கேட்டது. ஆனால் உட்கார்ந்து சொன்னேன். முந்தைய நாள் நான் வந்தது, ஆட்டை மாற்றிக் கட்டச் சொன்னது, அவள் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஜீப்பைப் பார்த்ததாகச் சொன்னது, நீக்கச் சொல்லி எழுதியதே என் கைதான் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் உடைப்பதை நிறுத்தியிருந்தாள். "அம்மா சாவுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். "நான் அதுக்கிட்ட எத்தனவாட்டி அழுதிருக்கேன், என்னாலதானே போச்சுன்னு. அப்பக்கூடச் சொல்லல. ஏன் டீச்சர்?"

"நான் உள்ள இருந்தாத்தான் உனக்கு ஏதாவது பண்ண முடியும்னு நெனச்சாங்க."

தலையை ஆட்டினாள். கோபப்படுவாள், அழுவாள், 'வுடுங்க டீச்சர், பழங்கதை' என்றாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதையும் செய்யவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"உள்ள இருந்து என்ன டீச்சர் பண்ணீங்க?"

என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நிஜமாகவே ஏதாவது பதில் இருக்கும் என்று நம்பிக் காத்திருந்தாள். கொட்டகையில் மற்ற பெண்கள் உடைத்துக்கொண்டேயிருந்தார்கள். பிறகு அவளே, "மண்டபத்துல பந்தி ஆரம்பிச்சிருப்பாங்க, போங்க" என்றாள். மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்தாள்.