நிற்காமல் போன கடைசி இறக்கம்

ரோஸ்விதா பனிச்சறுக்குப் பந்தயத்தை விட்ட நாள் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மான்டஃபோன் பள்ளத்தாக்கில் பாதி ஊர் கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டுப் பனிச்சரிவின் அடியில் வந்து நின்றது.

விடைபெறும் வீராங்கனை பந்தய உடையில் இறங்குவதில்லை. திருநாள் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிதானமாக வருவாள். வழியில் காத்து நிற்பவர்களைக் கட்டிப்பிடிப்பாள், ஆளுக்கொரு மிடறு குடிப்பாள். அன்றைக்கு நேரம் பார்க்கிறவர் இல்லை.

சரிவின் நடுவே பலகை காற்றில் எழும்பும் பெரிய தாவலுக்குக் கீழே அவளுக்காக நின்றவன் கெப்ஹார்ட். அவளுடைய சறுக்குப் பலகைகளைத் தீட்டி, வேகமாக வழுக்க மெழுகு போடுகிறவன். அவள் தங்கப் பதக்கம் வாங்கியது அவன் மெழுகில்தான். அதற்கு அடுத்த குளிர்காலம் இதே தாவலில் விழுந்து முழங்கால் போயிற்று. கால் தேறியது, பயம் தேறவில்லை. முதலாவதாக வந்தவள் ஏழாவது, பத்தாவது என்று இறங்கினாள். ஊர் முழங்காலைக் குறை சொன்னது. உண்மை தெரிந்தவன் கெப்ஹார்ட் மட்டும். கிளம்பும் இடத்தில் அவள் கை நடுங்கினால், பலகையில் ஏதோ சரி செய்கிறவன் போல முன்னால் குனிந்து, நடுக்கம் அடங்கும்வரை கேமராவை மறைத்துக்கொண்டிருப்பான். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கை நடுங்கவில்லை. தோற்பதற்கு ஒன்றுமில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது போலும். பயிற்சியாளர்களிடம் நின்றாள், குடித்தாள், சிரித்தாள். பிறகு பலகைகள் தாமாக ஓடத் தொடங்கின. பாவாடை படபடக்கத் தாவலில் பறந்தாள். பல வருடம் கழித்து முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் பறந்தாள். கீழே கெப்ஹார்ட், ஒரு கையில் குடுவை, மறு கையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். நிற்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. பலகை கிளப்பிய பனித்தூள் அவன் முகத்தில் அடித்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் திரும்ப மேலே போவதற்குள் அவன் போய்விட்டான். நார்வே அணியில் புது வேலை, அன்று மாலையே விமானம். அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போவான் என்று தெரியாது.

அக்கா இர்ம்கார்ட் விடவில்லை. "உன் பலகைய தேச்சுத் தேச்சே அவன் கைரேகை அழிஞ்சுபோச்சு. ஒரு வாய் குடிக்க நிக்க முடியலையாடி உனக்கு?"

பந்தயம் போனது பல்வலி போனது போலிருந்தது. ரோஸ்விதா நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், பள்ளத்தாக்கில் மஞ்சள் தபால் பஸ் ஓட்டப் போனாள். வளைவுக்கு வளைவு அவள் பிரேக் போடுவதைப் தினமும் அதில் வரும் பால்பண்ணை ஃபெர்டினாண்ட் பொறுத்ததே இல்லை.

"உலக சாம்பியனே, கொஞ்சம் மிதிம்மா. ஊர் போறதுக்குள்ள பால் தயிராயிடும்."

"எறங்கி நடயேன். எனக்கு முன்னாடி போயிடுவ."

பஸ்ஸே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். ஒன்று மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. தன் பயம் வெளியே தெரியாமல் காப்பாற்றியவன் முகத்தில் பனியை வாரி அடித்துவிட்டு வந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் தவறாமல் அவனுக்கு வாழ்த்து அட்டை போட்டாள், மன்னிப்பு என்ற சொல்லை எழுதத் தெரியாமல். பதில் வந்ததில்லை. கோபம் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் தலை நரைத்த பிறகு, ஓர் இலையுதிர்காலத்தில், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசிக்கு ஒரு குரல்செய்தி வந்தது. வயதாகிக் கரகரத்திருந்தது, ஆனாலும் அவன்தான்.

"ரோஸி, கெப்ஹார்ட் பேசுறேன். எனக்கும் ஓய்வு குடுத்துட்டாங்க, இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது. அன்னைக்கு உன் பலகைல சும்மா மெழுகு போடல. பெரிய பந்தயத்துக்குன்னு பதுக்கி வச்சிருந்த, பலகைய பறக்க வைக்கிற பொடி, அத்தனையும் தேச்சேன். பயமில்லாம நீ ஒரு தடவ எறங்கிப் பாக்கணும்னு ஆச. அதுல எவனாலயும் நின்னிருக்க முடியாது. பாவாடையோட அந்த வேகத்துல வந்தியே, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. விழுந்திருந்தா? உன் மூஞ்சில முழிக்க முடியாமத்தான் ஓடினேன். அட்டையெல்லாம் வந்துச்சு. நீ திட்டவே இல்லையே, அதான் இன்னும் பயமாயிருச்சு. அப்புறம், உன் கிண்ணத்தையும் சேத்து நானே குடிச்சிட்டேன். தேவைப்பட்டுச்சு."