பாறைமேல் சிரித்த பிள்ளைகள்

இன்று ஹட்டனில், வகுப்பறையும் ஆன்லைனும் சேர்ந்த கலப்புக் கற்றல் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு. நடத்தியவள் செல்வி. போன வருடம்வரை எங்கள் தோட்டப் பாடசாலையில் என்னோடுதான் படிப்பித்தாள்.

திரையில் ஒரு படம் வந்தது. எங்கள் தேயிலை மலையில் இருக்கும் பாறை. அதன்மேல் என் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், கையில் ஃபோனோடு. பிள்ளைகள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஃபோனுக்குக் கவரேஜ் இல்லை. அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அங்கே ஏறினால்தான் ஃபோனில் நிகழ்நிலைப் பாடம் வரும்.

படம் எடுத்தவள் நான். "மேலிடத்துல காட்டி கவரேஜ் கேக்கிறேன், அனுப்புங்க டீச்சர்" என்று வாங்கியவள் செல்வி.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "இயற்கைச் சூழலில் மகிழ்ச்சியான நிகழ்நிலைக் கற்றல்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் அவளைப் பிடித்தேன். "நீயும் அந்தப் பாறையில வழுக்கி விழுந்தவதானே செல்வி?"

"குறையாவே சொன்னா யாரு கேப்பாங்க டீச்சர்? பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க."

படத்துக்காகச் சிரிக்கச் சொன்னது நான்தான்.

செயலமர்வு எப்படி இருந்தது என்று இன்றைக்குள் நிகழ்நிலைப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டுமாம். அதற்காகத்தான் இப்போது அதே பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன எழுதட்டும்? மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.