ஹெலிகாப்டர் கை

“மேல போணும்னா ஹெலிகாப்டர்ல இந்த லிவரை மேல இழுக்கணும். பிளேன்ல முன்னாடி தள்ளணும். அவ்ளோதான்டி வித்தியாசம்” என்றாள் தாரணி அக்கா. பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு பால்கனியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் சப்பாத்திக் கட்டையை லிவர் மாதிரிப் பிடித்திருந்தாள்.

“அவ்ளோதானே, தள்ளேன்” என்றேன்.

“பதறினா கை தானா இழுக்குது. பிளேன்ல இழுத்தா இன்ஜின் அடங்கிடும்.”

“அடங்கினா?”

“போன வாரம் பின்சீட்ல இருந்து கத்துக்குடுக்கிற சார் தன் பக்கத்து லிவரைத் தள்ளிக் காப்பாத்தினாரு. இன்னொரு தடவை இழுத்தா பழைய யூனிட்டுக்கு மூட்டை கட்டணும்.”

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: “ஏய் பைலட்டு, கட்டையைக் குடு. சப்பாத்தி தானா பறந்து வராது!”

தாரணி என் பெரியம்மா மகள். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள். இப்போது புதியவர்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியை ஆகவேண்டும். அதற்குச் சிறிய பயிற்சி விமானத்துக்கு மாறவேண்டும். முதன்முதலில் அவள் பழகியதும் விமானம்தான். பிறகு மலைமலையாக ஹெலிகாப்டரை இறக்கியதில் கை வேறு பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டது. விடுமுறை முழுவதும் அதை மறக்கப் பார்க்கிறாள்.

பேசும்போது அவள் கண் ஒரு முகத்தில் நிற்காது. விமானத்தின் மீட்டர்களைப் பார்ப்பதுபோல இடமிருந்து வலமாக ஒரு சுற்று போய்வரும். படுத்ததும் தூங்கிவிடுவாள். தூக்கத்திலும் இடது கை எதையாவது தள்ளும். சாப்பிடும்போது ஒருநாள் என் காபி டம்ளரைத் தள்ளிவிட்டாள். நான் கொட்டியிருந்தால், “கண்ணு எங்க இருக்கு?” என்றிருப்பாள் அம்மா. அக்கா கொட்டியதை எதிர்வீட்டு வீணா ஆன்ட்டியிடம் போய், “பாவம், அது ஹெலிகாப்டர் கை” என்று பெருமையாகச் சொன்னாள் அம்மா. அக்காவின் தவறுக்குக்கூடப் பட்டப்பெயர் கிடைக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறேன். ஆண்டு விழாவுக்கு அக்கா சீருடையில் வந்துபோன பிறகு எனக்குப் பெயரே இல்லை. பிள்ளைகளுக்கு நான் பைலட் மேடத்தின் தங்கச்சி. வாட்ச்மேன் நாகேஷ் கேட்டைத் திறக்கும்போதே, “அக்கா எப்ப வர்றாங்க மேடம்?” என்பார். நான் வந்திருப்பது அவருக்குச் செய்தி அல்ல.

கைக்கு மருந்தாக அந்த சார் ஒரு வழி சொல்லியிருந்தார்: கை செய்யப் போவதை முதலில் வாய் சொல்லவேண்டும். எப்படியும் ஆசிரியர் பறந்துகொண்டே பேசத்தான் வேண்டும். அக்காவுக்கு அதுதான் வரவில்லை. “இப்போ நான் லிவரை...” என்று தொடங்குவாள். கை நகர்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும். மறுபடி தொடங்குவாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, குழாயைச் சிறிதாக்கி அந்த மௌனத்தைக் கேட்பேன். இனித்தது.

விடுமுறை முடியும் தறுவாயில், நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உன்னைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்குடி” என்றாள்.

“சும்மா இரு அக்கா. கிண்டல் பண்ணாத.”

“நெஜமாத்தான். ஆண்டு விழா அன்னிக்கு, விழா தொடங்குறதுக்கு முன்னாடி, உன் கிளாஸ் ஜன்னல் வழியா பார்த்தேன். கை பாட்டுக்குப் போர்டுல எழுதுது, வாய் பாட்டுக்குப் பேசுது. ரெண்டும் நிக்கவேயில்ல.” தாள்களின் ஓரத்தை நேராக்கினாள். “நாளைக்கு உன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கட்டுமா? சுடிதார்ல வரேன். நான் யாருன்னு பசங்ககிட்ட சொல்லிடாத.”