மருந்து வெயில்

பிள்ளைகளா, என் அத்தையின் கைகளில் ஏன் அத்தனை தழும்பு என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இதோ, எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பட்டினச்சேரியில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தையின் இரண்டு முன்னங்கைகளிலும் வெண்புள்ளி விழுந்து படர்ந்திருந்தது. அது ஒட்டும் நோய் அல்ல என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், அத்தை கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனதுண்டு.

அப்பா அவரைக் காரைக்காலில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கைகளை வெயிலில் காட்ட வேண்டும். வெயிலில் புற ஊதாக் கதிர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் தோலில் போன நிறம் மெல்லத் திரும்பும். இப்போது அதற்கென்றே விளக்கு வைத்த பெட்டிகள் இருக்கின்றன. அன்று எங்களுக்கு வானத்து வெயில்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, அப்புறம் பொழுது சாயும்வரை நிழலிலேயே இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு.

"வெயிலுக்கே டாக்டரு சீட்டு வாங்குன ஆளு இந்த ஊர்லயே நீதான்டி" என்று அம்மா கிண்டல் செய்வார்.

சில மாதங்களில் வெள்ளைக்குள் கடுகு தெளித்தாற்போலப் பழுப்புப் பொட்டுகள் தலைகாட்டின. மீன் செதில் ஒட்டியிருக்கிறது என்று நான் சுரண்டப் போனேன்.

"கைய எடுடா. அது என் சொந்தத் தோலு" என்று அத்தை சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் திருவேட்டக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். பௌர்ணமி கழித்துப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கருவாட்டு வியாபாரி. வெயில் போதாமல் கெட்ட பண்டத்தைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வெயில் ஏறிக் கெட்டதைப் பார்த்ததில்லை.

"பத்து நிமிஷ வெயிலுக்கே இவ்ளோ நெறம் வந்துருக்கு. கருவாட்ட அரைக்காய்ச்சல்ல எடுத்தா புழு வச்சுரும் பாப்பா. நல்லாக் காட்டு. அவங்க வர்றதுக்குள்ள மூடிக்கும்."

"டாக்டரு நெழல்ல இருக்கச் சொன்னாரேண்ணே."

"அவரு டவுன்காரங்க தோலுக்குச் சொல்லியிருப்பாரு. நம்ம தோலு வெயில்லயே பொறந்து வளந்ததுல்ல."

அத்தைக்கும் ஆசை இருந்திருக்கும். மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உச்சிப்பொழுது தாண்டும்வரை கடற்கரைக் களத்தில் நெத்திலியைப் பரப்பிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கைகள் சிவந்தன. அதற்கு அடுத்த நாள் முழங்கையிலிருந்து விரல்வரை கொப்புளம். அம்மா அந்தக் கைகளை வாழை இலைமேல் வைத்து விசிறிக்கொண்டே இருந்தார். கொப்புளம் உடைந்த இடங்களில், வந்திருந்த நிறமும் சேர்ந்து போயிற்று. திருவேட்டக்குடிக்காரர்கள் சொன்னபடி வந்தார்கள். துணி சுற்றிய கைகளைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். அத்தை மிச்ச மாத்திரைகளை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சே எழவில்லை.

அப்புறம்தான் அப்பா சட்டையில்லாமல், அத்தை நெத்திலி புரட்டிய அதே களத்து மணலில் போய் உட்காரத் தொடங்கினார். சரியாக உச்சி வெயிலில் போவார். முதுகு கன்றிப்போகும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் காக்காய்க்குக் காவல் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அது மீன்பாடு இல்லாத காலம், களத்தில் ஒரு நெத்திலிகூடக் காயவில்லை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் யாரிடமும் சொல்லாமல் களத்துக்குப் போனேன். ஒரு சவுக்குக் கம்பை மணலில் ஆழமாக நட்டு, அதன் நுனியில் கிழிந்த கறுப்புக் குடைத்துணியைக் கட்டினேன். கடல்காற்றில் அது நன்றாகவே படபடத்தது. இனிமேல் காக்காய் வராது, அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம்.