கன்னியம்மாவின் கீறல்

யானைக்கவுனிக் கடைகளில் வளர்ந்தவன் நான். லாபமில்லாமல் பொய் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வதால் எனக்கு நஷ்டம்தான். ஆகையால் தாராளமாக நம்பலாம்.

1927. ராயபுரத்தில் சண்முகவேலும் நானும் ஒரே கொட்டகையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தோம். அவனுடையது கூட்டெழுத்து. பேனா தூக்காமல், புள்ளி வைக்காமல், எழுத்தோடு எழுத்தைக் கோத்து ஒரே இழுப்பு. பூனை இழுத்த நூல்கண்டு போலிருக்கும். எங்கள் தொழில்காரர்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது. படிக்காதவர்கள் கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குப் பெயர் கீறல். தற்குறி என்றும் சொல்வோம். இன்றைக்கு அது வசவாகிவிட்டது. கீறல் வாங்குமுன் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அது எழுதினவன் பொறுப்பு.

மீன் விற்கும் கன்னியம்மாவுக்கு, அவள் வீட்டை வாடகைக்கு விடுவதாகச் சண்முகவேல் படித்துக் காட்டினான். எழுதியிருந்ததோ விற்றுவிட்டதாக. அவள் கீறினாள். வீடு போயிற்று. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. தெரிந்தேதான் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஆடிச் செவ்வாய். பகல் 2.10. கொளுத்தும் வெயில். கன்னியம்மா வந்து நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

"இன்னாமே, கடலையே கட்டிகினு வந்துட்டியா?" என்று சிரித்தான் சண்முகவேல்.

"ஒரு மனு எய்து நைனா."

"இன்னான்னு எய்தறது?"

"பேனாவத் தொடு. தானா வரும்."

தொட்டான். கை ஓடியது. அவள் வாய் திறக்கவில்லை.

கிறீச்... கிறீச்...

கூட்டெழுத்து இல்லை. பள்ளிப்பிள்ளை எழுதுவதுபோல் தனித்தனி எழுத்து. புள்ளியோடு.

'வாடகை என்று படித்தேன். விற்றதாக எழுதினேன்.'

"டேய்... என் கையப் புடிடா!"

பிடித்தேன். நிற்கவில்லை.

அடியில் அவன் பெயர்.

பேனா விழுந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் மணல்.

"அன்னிக்குப் போட்டியே சாட்சி... இன்னிக்கும் போடு."

போட்டேன். பழக்க தோஷம், நேரமும் குறித்தேன். பகல் 2.17.

மடித்து இடுப்பில் செருகினாள்.

போய்விட்டாள்.

அந்தக் காகிதத்தை மறுபடி கோர்ட்டில் பார்த்தேன். எழுத்து துளிகூடக் கலையவில்லை. வீடு அவள் தங்கை கெங்கம்மாவுக்குத் திரும்பியது. சண்முகவேலுக்கு இரண்டு வருஷம். எனக்கு ஆறு மாதம்.

காகிதம் கிடைத்த விவரத்தைப் போலீஸ்காரர் படித்தார்.

எண்ணூர்க் கரையில் ஒதுங்கிய பிணத்தின் இடுப்பிலிருந்து எடுத்தது. அதே ஆடிச் செவ்வாய். காலை 11.05.