சித்தப்பாவின் ஃபைட்டர் மீன்

சித்தப்பாவுக்குப் பெண் பிடித்துப்போய், பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்த வாரத்தில்தான் அவர் மதுரைக்குப் போய் ஒரு ஃபைட்டர் மீனை வாங்கிவந்தார். சிவகாசியில் அப்போது தீபாவளி சீசன். எங்கள் அச்சகத்தில் வெடி லேபிள்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குத் துணையாக நிற்கவேண்டிய சித்தப்பா, முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மனுசன் குளிக்கத் தண்ணியக் காணோம், மீனு நாள் பூரா குளிக்குது" என்று அந்தத் தொட்டியைப் பார்த்து அத்தை சொல்லாத நாளில்லை. அத்தை, அப்பாவுக்கு அக்கா. மாமாவுக்கு எங்கள் அச்சகத்திலேயே வேலை என்பதால் அவர்களும் எங்களோடுதான் இருந்தார்கள். குழம்புக்கு உப்புப் போடுவதிலிருந்து சித்தப்பாவுக்குப் பெண் எடுப்பதுவரை எல்லாம் அத்தை சொன்னபடிதான்.

"பேரே ஃபைட்டராம். நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல சண்டைக்காரனக் கொண்டாந்து விடுறான்!"

"பழகிரும்க்கா" என்றார் சித்தப்பா. தனியாக பாட்டிலில் வைக்கும்படி கடைக்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொட்டியில் ஏற்கெனவே கறுப்புக் கோடு போட்ட டைகர் மீன்கள் இருந்தன. அவற்றுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவல் வைத்தார்கள். கையில் ஆயுதமாக டீ வடிகட்டி. புதியவன் பட்டுவேட்டி தரையில் புரள வருகிற மாப்பிள்ளையைப்போல, சிவப்பும் நீலமுமான வாலை விரித்துக்கொண்டு மெல்ல நீந்தினான். ஒரு டைகர் வந்து வாலை முகர்ந்தது. பிறகு கடித்தது. மற்றவையும் ருசி பார்க்க வந்தன. சம்பந்தக்காரர்கள் வருவதற்குள் ஃபைட்டரின் வால் கந்தலாகி, அது தொட்டி மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் காவல் காத்தது தப்பான கட்சிக்கு.

விருதுநகரிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். "ஏ புள்ள, தொட்டிய மறைச்சு நில்லு" என்று அத்தை என் காதைக் கடித்தார். நானும் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா ஏன் நிக்குது? இங்கன வந்து உக்காரு தாயி" என்றார் பெண்ணின் அம்மா. விருந்தாளி சொல்லைத் தட்டக்கூடாதே. போய் உட்கார்ந்தேன்.

அவர் எழுந்துபோய்த் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "இதென்ன தம்பி, இப்பிடி நைஞ்சு கெடக்கு?"

"புதுசா வந்த மீனுங்க. மத்ததெல்லாம் முன்னாடியே இருக்கிறது" என்றார் சித்தப்பா.

"புதுசா வந்ததத்தான் இப்பிடிக் கொத்தியிருக்குதுகளா?"



"கொத்தல மதினி, வெளையாடுதுக. நாளாக நாளாகப் பழகிரும்" என்றார் அத்தை.

"பழகுறதுக்குள்ள வாலு மிஞ்சணுமே மதினி."

நான் மட்டும் சிரித்தேன்.

"தனியா வச்சா என்ன?" என்றார் பெண்ணின் அம்மா.

"தனியாவா? அப்பிடிப் பழக்கமே எங்க வீட்டுல இல்ல!" தொட்டியைக் கண்டாலே கரித்துக்கொட்டுகிற அத்தை அதற்காக இவ்வளவு வாதாடுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்பத் தூரம் வேணாம். பக்கத்துலயே சின்னதா ஒண்ணு. பாக்கணும்னா பாத்துக்கிடலாம்ல?" பெண்ணின் அப்பா காப்பியை ஆற்றியபடி சொன்னார்.

எனக்குத் தெரிந்த விஷயம். சும்மா இருக்க முடியுமா? "கடைக்காரரும் தனியாத்தான் வைக்கச் சொன்னாராம். சித்தப்பாதான் கேக்கல" என்றேன்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தனியாவே... வச்சிருவோம்ங்க."

அதுவரை 'தம்பி' என்ற பெண்ணின் அம்மா, "நல்லது மாப்பிள்ள" என்றார். அத்தை வாய் திறப்பதற்குள் அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா மதினி, வச்சிரலாம். பாவம்ல." கையில் மைசூர்பாகுத் தட்டோடு அம்மா. அத்தை இருக்கும் இடத்தில் அம்மா கருத்துச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அம்மா குனியவில்லை. தட்டை விருந்தாளிகள் பக்கம் நீட்டினாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தப்பாவும் சித்தியும் அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். தொட்டிக்கு இனி யார் தண்ணீர் மாற்றுவார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஃபைட்டரை, பெண் வீட்டார் கிளம்பிய கையோடு அம்மா வடிகட்டியால் அள்ளி, ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் விட்டிருந்தாள். தொட்டிப் பக்கமே வராதவள் அந்த பாட்டிலை அடுப்படி ஜன்னலில் வைத்து, சமைக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டாள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், "இங்க பாரு, வாலு வளருது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அம்மாவுக்கு மீன் வளர்ப்பில் இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். துணைக்கு ஒரு டைகரைப் பிடித்து வந்து இதில் விடட்டுமா என்று கேட்டேன்.

அம்மா சட்டென்று பாட்டிலின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரு மீனுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று எனக்கு விளங்கவே இல்லை.